ஹாரிஸ் கவுண்டியில் வீடு பார்க்கிறோம்: எக்ஸ் ஸோனுக்கும் ஃபிளட் இன்சூரன்ஸ் வேண்டுமா? புயல் வந்தால் கிளம்புவதா, இருப்பதா?

புதுவீடு_தேடி:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மாறி வந்து வாடகையில் இருக்கிறோம், இப்போது வாங்கிவிடலாம் என்று முடிவு. இரண்டு வீடு பிடித்திருக்கிறது. ஒன்று மேற்கே பேர் க்ரீக் பக்கம், எனக்கு எனர்ஜி காரிடார் ஆபீஸ் கிட்ட. இன்னொன்று தென்கிழக்கே க்ளியர் லேக், மனைவிக்கு நாசா பக்கம் வேலை. இரண்டுமே ஹாரிஸ் கவுண்டிதான். இரண்டுமே ஃபீமா (ஃபெடரல் பேரிடர் உதவி அமைப்பு) வெள்ள வரைபடத்தில் எக்ஸ் ஸோன், அதாவது ஆபத்து குறைவு என்று குறித்த பகுதி, லோன் கொடுப்பவரே ஃபிளட் இன்சூரன்ஸ் கேட்கவில்லை, அந்தப் பணத்தில் கிச்சனை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் ஏஜென்ட்.

ஆபீஸில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருத்தர் புயல் என்றால் உடனே கிளம்பு என்கிறார், இன்னொருத்தர் தெருவில் காலை வைக்காதே என்கிறார். கைக்குழந்தை இருக்கிறது, ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதத்துக்கு வரப்போகிறார்கள், அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சும்மா_ஒரு_ஆள்:

ஏஜென்ட் சொன்னதில் பெரிய தப்பு எதுவும் இல்லை. பல வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், தெருவில் தண்ணீர் நிற்கும், காலையில் பார்த்தால் வடிந்திருக்கும். ஜூன் பிறந்தால் டிவிக்காரர்களுக்குக் கொண்டாட்டம், வளைகுடாவில் நாலு மேகம் சேர்ந்தாலே கடையில் தண்ணீர் பாட்டில் காலி. 2005-இல் ரீட்டா புயலுக்கு ஊரே கிளம்பிப் போய் என்ன ஆனது என்று பார்த்தவர்கள் யாரும் "ஓடு" என்று சொல்ல மாட்டார்கள். வீட்டிலேயே இருங்கள், பிரீமியத்தை மிச்சம் பிடியுங்கள்.

பேயூ_ஓரம்:

தம்பி, பேர் க்ரீக் என்று படித்ததும் வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன். 2017-இல் ஹார்வி புயலின்போது நாங்கள் அங்கேதான் இருந்தோம். அந்தப் பகுதி ஆடிக்ஸ் அணைக்குப் பின்பக்கம். அந்த அணை கட்டியது கீழே இருக்கும் டவுன்டவுனைக் காப்பாற்ற, நம்மைக் காப்பாற்ற இல்லை. சாதாரண நாளில் போனால் அங்கே அணை இருப்பதே தெரியாது. பூங்கா, சைக்கிள் பாதை, பையன்கள் கால்பந்து ஆடும் மைதானம், அவ்வளவுதான். மழை கொட்டி மதகை மூடினால்தான் அது ரிசர்வாயர், நீர்த்தேக்கம்.

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று எல்லோரும் நினைப்பார்கள், நாங்களும் பழைய துண்டுகளையும் மணல் மூட்டையையும் கதவோரம் அடுக்கினோம். வந்தது வேறு வழி. சுவரும் தரையும் சேரும் இடத்தில், பேஸ்போர்டுக்கு அடியில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது, அது அறை முழுக்க ஒரே நேரத்தில் தெரிந்தது. இங்கே செங்கல் சுவரின் அடிவரிசையில் ஈரம் போக ஓட்டை விட்டிருப்பார்கள், வீப் ஹோல் என்பார்கள், அதன் வழியாக நுழைந்து ஷீட்ராக் என்ற உள்சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஏறி உள்ளே வருகிறது. கதவோரம் வைத்த மூட்டை காய்ந்தே கிடக்கிறது, கார்பெட் மிதக்கிறது.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள்: வானம் வெளுத்த பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. ஆடிக்ஸ் உச்ச மட்டத்தைத் தொட்டது ஆகஸ்ட் 30-ஆம் தேதி, கடல்மட்டத்துக்கு மேல் 109 அடி. மழை விட்டுவிட்டது, தப்பித்தோம் என்று மாடியிலிருந்து பாயை மடித்துக்கொண்டு இறங்கி வந்தவர்கள் மறுபடி மாடிக்கு ஓடினார்கள். ஏறின தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. எங்கள் வீடும் எக்ஸ் ஸோன்தான், நல்லவேளை பாலிசி இருந்தது.

சும்மா_ஒரு_ஆள்:

ஹார்வி ஆயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் மழை. அதை வைத்து முப்பது வருஷ பட்ஜெட் போடச் சொன்னால் எப்படி?

வடிகால்_பொறியாளர்:

இந்தக் கணக்கை இங்கேயே சரி பண்ணிவிடலாம், ஏனென்றால் இந்த மன்றத்தில் வருஷா வருஷம் இதே வாக்கியம் வருகிறது. (நான் வடிகால் வடிவமைப்பில் வேலை செய்கிறேன், அரசு ஊழியர் இல்லை.)

"நூறு வருஷ வெள்ளம்" என்றால் ஒரு தடவை வந்துவிட்டு 99 வருஷம் தூங்கப்போகும் வெள்ளம் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு வருஷமும் 1% வாய்ப்பு, அவ்வளவுதான். 30 வருஷ வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது அது வர 26% வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. ஹூஸ்டனையே பாருங்கள், 2015 மெமோரியல் டே, 2016 ஏப்ரல் டாக்ஸ் டே, 2017 ஹார்வி, 2019 இமெல்டா. எல்லாத் தெருவிலும் எல்லாத் தடவையும் வரவில்லை என்பது உண்மை, ஆனால் ஊர் முழுக்கப் பார்த்தால் இடைவெளியே இல்லை.

அப்புறம் அந்த 1% எந்த மழையை வைத்துப் போட்டது என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஹூஸ்டன் வட்டாரத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 13 அங்குலம் பெய்தால் அது நூறு வருஷ மழை என்று வைத்திருந்தார்கள். 2018-இல் நோவா (ஃபெடரல் வானிலை, கடல் ஆய்வு அமைப்பு) புதிய கணக்கு வெளியிட்டது, அட்லஸ் 14 என்று பெயர், அதில் அதே இடத்துக்கு 18 அங்குலம் வரை போகிறது. நம்மிடம் புழங்கும் ஃபீமா படங்களில் பெரும்பகுதி 2007-இல் நடைமுறைக்கு வந்தவை, 2001 அலிசன் புயலுக்குப் பிறகு வரைந்தவை. ஆக எக்ஸ் ஸோன் என்று உங்கள் ஏஜென்ட் காட்டுவது பழைய மழையை வைத்து வரைந்த கோடு. இதே காரணத்தால்தான் ஹூஸ்டன் மாநகராட்சி 2018-இல் விதியை மாற்றி, 500 வருஷ வெள்ள மண்டலத்துக்குள் புதிதாகக் கட்டும் வீடு அந்த வெள்ள மட்டத்துக்கு மேல் 2 அடி இருக்க வேண்டும் என்றது. 2018-க்கு முன்னால் கட்டிய வீட்டுக்கு அந்த விதி கிடையாது, வீட்டின் வயசைக் கேளுங்கள்.

படத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அது பேயூ, அதாவது ஊருக்குள் ஓடும் ஓடை, கரை மீறி வருவதையும் கடல் ஏறி வருவதையும்தான் பார்க்கிறது. தெரு வடிகால் நிரம்பி வருவதை அது பார்ப்பதில்லை. இங்கே தெருக்களே இரண்டாவது வடிகாலாகத்தான் போடப்பட்டிருக்கின்றன, பெரிய மழையில் தெருவில் தண்ணீர் நிற்பது பழுது இல்லை, வேண்டுமென்றே செய்தது. அந்த மட்டத்துக்கு மேல் போனால் எங்கே போகும்? ஹார்வியில் ஹாரிஸ் கவுண்டியில் சுமார் 1,54,000 வீடு, கட்டிடங்களில் தண்ணீர் புகுந்தது என்பது வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டத்தின் கணக்கு. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை 100 வருஷ மண்டலத்திலும் இல்லை, 500 வருஷ மண்டலத்திலும் இல்லை. வெறும் எக்ஸ்.

ஆடிக்ஸ், பார்க்கர் விஷயம் தனி. 1929, 1935 வெள்ளங்களில் டவுன்டவுன் முழுகியது, அதற்குப் பிறகு ராணுவப் பொறியாளர் படை 1940-களில் இந்த இரண்டு அணையையும் கட்டியது. அப்போது மேற்கே புல்வெளியும் நெல்வயலும்தான், அதனால் தேங்கும் தண்ணீருக்கு வேண்டிய முழு நிலத்தையும் வாங்கவில்லை. ஆடிக்ஸில் அரசு நிலம் ஏறக்குறைய 103 அடி மட்டத்தோடு முடிகிறது. ஹார்வியில் தண்ணீர் 109. நடுவில் இருக்கும் 6 அடியில்தான் பேயூ_ஓரம் அண்ணா வீடும் ஆயிரக்கணக்கான வீடுகளும். அந்தப் பக்கம் வாங்குகிறீர்கள் என்றால் ஸோனை விட்டுவிட்டு, வீட்டு ஸ்லாப் (கான்கிரீட் தரை) கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்று கேளுங்கள். எலிவேஷன் சர்டிஃபிகேட் என்று ஒரு தாள் இருக்கும், இல்லாவிட்டால் சர்வேயரை வைத்து எடுக்கலாம்.

பேயூ_ஓரம்:

அதேதான். அணைக்கு மேல்பக்கம் முழுகிய வீடுகளுக்கு அரசு பொறுப்பு என்று 2019 டிசம்பரில் ஃபெடரல் க்ளெயிம்ஸ் கோர்ட் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வந்ததும் கையில் செக் வந்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அது வேறு ஒரு நீண்ட பாதை. மதகை ஆகஸ்ட் 28 அதிகாலை திறந்ததில் கீழே பஃபலோ பேயூ ஓரம் முழுகியவர்களின் வழக்கு தனியாக ஓடியது.

லீக்சிட்டி_மாமா:

எல்லோரும் மழையைப் பற்றியே பேசுகிறீர்கள். இவர் பார்க்கும் இரண்டாவது வீடு க்ளியர் லேக், அங்கே கேள்வியே வேறு.

மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்று என்று நினைத்துத் திட்டம் போட்டால் இரண்டிலுமே தப்பாகிவிடும். மேற்கே மழை வெள்ளம், எந்தத் தெருவில் எப்போது ஏறும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம், சாலையில் இருப்பதுதான் பெரிய ஆபத்து. கரையோரம் புயல் அலை, அது எங்கே எவ்வளவு உயரம் வரும் என்று ஓரளவு முன்பே சொல்லிவிடுவார்கள், வந்துவிட்டால் மாடி வீடு கூட நிற்காது. அதனால்தான் இந்த ஊரில் ஒரு பழைய பேச்சு: தண்ணீர் என்றால் ஓடு, காற்று என்றால் ஒளிந்துகொள்.

2008 ஐக் புயலைப் பாருங்கள். கரையைத் தொடும்போது இரண்டாம் வகை. "ரெண்டுதானே" என்று பலர் இருந்துவிட்டார்கள். வகை எண் காற்றுக்கு மட்டும்தான், அலைக்கு இல்லை. ஐக் அகலமான புயல், அது தள்ளிக்கொண்டு வந்த கடல் போலிவார் தீபகற்பத்தைத் துடைத்துவிட்டது. சில பகுதிகளில் ஒன்றிரண்டு மாடித் தனி வீடுகளில் தங்கினால் மரணம் நிச்சயம் என்று தேசிய வானிலைச் சேவை அறிக்கையிலேயே எழுதினார்கள். போலிவாரில் கடைசி நேரத்தில் கிளம்பலாம் என்று இருந்தவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி, புயல் வருவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னாலேயே ஹைவே 87 தண்ணீருக்குள் போய்விட்டது. காற்று வீசவே ஆரம்பிக்கவில்லை, வழி இல்லை.

கால்வஸ்டன் தீவில் 17 அடி கடல்சுவர் இருக்கிறதே என்பார்கள். 1900 புயலில் குறைந்தது 6,000 பேர், பலர் சொல்வது 8,000 பேர், செத்த பிறகு கட்டிய சுவர் அது, நல்ல சுவர். ஐக்கில் ஊருக்குள் தண்ணீர் வந்தது பெரும்பாலும் பின்பக்கம், கால்வஸ்டன் பே என்ற உள் வளைகுடா வழியாக. க்ளியர் லேக், சீபுரூக், கீமா எல்லாம் அந்த வளைகுடா பக்கம்தான் இருக்கின்றன, முன்னால் சுவர் கிடையாது.

வாடகைக்காரி:

ஐக் டைக் என்று ஒன்று கட்டப்போகிறார்கள் என்று சொன்னார்களே?

வடிகால்_பொறியாளர்:

அந்த உள் வளைகுடாவின் வாயில் பெரிய மதகுகள், மணல்மேடுகள் எல்லாம் சேர்த்து ஒரு திட்டம், 2022 டிசம்பரில் ஃபெடரல் அனுமதி கிடைத்தது. 34 பில்லியன் டாலர் என்று ஆரம்பித்த மதிப்பீடு விலைவாசியோடு 57 பில்லியன் ஆனது. அனுமதி வேறு, பணம் வேறு. முப்பது வருஷ லோனை அதை நம்பிப் போடாதீர்கள்.

கரைப்பக்கத்துக்கு இன்னொரு குணம் உண்டு, நிலமே இறங்கியிருக்கிறது. தொழிற்சாலைகளும் ஊரும் நிலத்தடி நீரை இழுத்து இழுத்து சில இடங்களில் 10 அடி வரை. பேடவுனில் பிரவுன்வுட் என்று ஒரு வசதியான குடியிருப்பு வளைகுடாவை ஒட்டி இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, 1983 அலிசியா புயலோடு முடிந்தது. இப்போது அந்த இடம் இயற்கைப் பூங்கா, பறவை பார்க்கப் போகிறவர்கள் பழைய தெருக்களின் மேல்தான் நடக்கிறார்கள். 1975-லேயே நிலத்தடி நீருக்குக் கட்டுப்பாடு போடத் தனி மாவட்டம் அமைத்தார்கள், அதனால் கரைப்பக்கம் இறங்குவது வெகுவாகக் குறைந்தது, இறங்கின இடம் திரும்ப ஏறாது.

சும்மா_ஒரு_ஆள்:

மாமா, ஓடு என்று சொல்வது சுலபம். ரீட்டாவில் நான் ஐ-45 நெடுஞ்சாலையில் இருந்தேன். ஏசி போட்டால் பெட்ரோல் தீரும், போடாவிட்டால் குழந்தைக்கு மயக்கம் வரும், பெட்ரோல் பங்குகள் எல்லாம் காலி. இருபத்தைந்து லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாலையில். புயல் கொன்றதைவிட அந்தப் பயணம் கொன்றது அதிகம், நூறு பேருக்கு மேல். முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிப்போன பஸ் டாலஸ் பக்கத்தில் தீப்பிடித்து 23 பேர் செத்தார்கள், உள்ளே ஆக்ஸிஜன் சிலிண்டர்கள். அதைப் பார்த்தவன்தான் நான், சும்மா வீம்புக்குச் சொல்லவில்லை.

லீக்சிட்டி_மாமா:

நீங்கள் சொல்வது அத்தனையும் சரி, ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறு. அன்றைக்கு சாலையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கிளம்பவே வேண்டாதவர்கள். கடலுக்குத் தள்ளி உள்ளே இருக்கும் கேட்டி, சைப்ரஸ், ஸ்பிரிங் ஆட்கள் முன்னால் போய் நின்றுவிட்டார்கள், கால்வஸ்டன்காரன் பின்னால் மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் ஜிப்-ஸோன் கொண்டு வந்தார்கள். உங்கள் ஜிப் கோடை வைத்து கோஸ்டல், ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள், கரையிலிருந்து உள்ளே வரிசையாக. இந்த எழுத்துக்கும் ஃபீமா ஸோன் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய. பேர் க்ரீக் எந்த ஜிப்-ஸோனிலும் இல்லை, புயலுக்காக அங்கிருந்து கிளம்பச் சொல்ல மாட்டார்கள். க்ளியர் லேக் வட்டாரம் இருக்கிறது, உங்கள் ஜிப் எதில் என்று கவுண்டி படத்தில் பாருங்கள்.

கட்டாய வெளியேற்றத்துக்கு உத்தரவு போடுவது கவுண்டி ஜட்ஜும் மேயரும். ஜட்ஜ் என்றால் இங்கே கோர்ட்டில் உட்காருபவர் இல்லை, கவுண்டி நிர்வாகத்தின் தலைவர், அவசரநிலை மேலாண்மையும் அவர் கையில்தான். ஹார்வியில் அப்போதைய மேயர் சில்வெஸ்டர் டர்னரும் ஜட்ஜ் எட் எம்மெட்டும் ஊரைக் காலி பண்ணச் சொல்லவில்லை, அந்த முடிவுக்கு இன்றுவரை திட்டும் பாராட்டும் உண்டு. என்னைக் கேட்டால் செய்தது சரி. ஹார்வி ஹூஸ்டனுக்கு மழைப் புயல், கடல் அலை தெற்கே ராக்போர்ட் பக்கம். லட்சக்கணக்கான கார்கள் சாலையில் இருக்கும்போது அந்த மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், சாலைகளே இங்கே வடிகால் என்று பொறியாளர் சொன்னாரே.

சும்மா_ஒரு_ஆள்:

கேட்டிக்காரன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத்தானே நானும் சொன்னேன்.

இரவுப்பணி_நர்ஸ்:

அப்பா இன்சுலின் எடுப்பவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் நான் உள்ளே வருகிறேன்.

2024 ஜூலையில் பெரில் புயல் வந்தது, வெறும் முதல் வகை. எங்கள் தெருவில் தண்ணீர் ஒரு சொட்டு ஏறவில்லை. ஆனால் வட்டாரத்தில் 22 லட்சம் இணைப்புகளுக்கு மேல் மின்சாரம் போனது, பல இடங்களில் ஒரு வாரம் வரை வரவில்லை, அந்த வெயிலில். எமர்ஜென்சிக்கு வந்த வயதானவர்களில் பலருக்கு வியாதி என்று ஒன்றும் இல்லை, வீட்டில் வெந்து போயிருந்தார்கள். ஜெனரேட்டரை கராஜுக்குள் வைத்து ஓட்டிப் புகையில் மயங்கினவர்கள் இன்னொரு பக்கம். கராஜ் கதவைத் திறந்து வைத்தேனே என்பார்கள். போதாது, வெளியே, வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி.

ஊரிலிருந்து வருகிறவர்கள் ஆறு மாத மாத்திரையையும் ஒரே பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள், பெட்டி கீழ்த்தள அலமாரியில் இருக்கும். அதைப் பிரித்து ஒரு பங்கை மேலே வையுங்கள். மருந்துச் சீட்டில் பிராண்ட் பெயர் இந்தியாவில் ஒன்று, இங்கே ஒன்று, அதனால் மூலமருந்தின் பெயரையும் அளவையும் எழுதிய தாள் ஒன்று பர்ஸில் இருக்கட்டும். இன்சுலினை ஐஸோடு நேராக ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். டயாலிசிஸ் இருப்பவர்கள் புயல் செய்தி வந்ததுமே சென்டரைக் கூப்பிட்டு முன்கூட்டி ஒரு தடவை செய்துகொள்ளக் கேட்க வேண்டும்.

தானாக நகர முடியாதவர், கார் இல்லாதவர், ஆக்ஸிஜன் மெஷினில் இருப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் 2-1-1 கூப்பிட்டு ஸ்டியர் என்ற மாநிலப் பதிவேட்டில் சேருங்கள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், பதிந்ததாலேயே வண்டி வாசலுக்கு வந்துவிடும் என்று உத்தரவாதமும் கிடையாது, இருந்தாலும் பதியுங்கள். மற்றபடி உங்கள் தெரு முழுகினால் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். 2001 அலிசனில் டெக்சாஸ் மெடிக்கல் சென்டரிலேயே அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து மின்சாரம் போய், நோயாளிகளை இருட்டில் மாடிப்படி வழியாகத் தூக்கி இறக்கினார்கள். இப்போது கப்பல் கதவு மாதிரி தடுப்புகள் போட்டிருக்கிறார்கள், கட்டிடம் தாங்கும். நீங்கள் அங்கே வந்து சேரும் சாலை தாங்காது.

வாடகைக்காரி:

நாங்கள் அபார்ட்மென்டில் கீழ்த்தளம். எங்களுக்கு எதுவும் கிடையாதா?

பேயூ_ஓரம்:

உண்டு, அதுவும் மலிவு. வீட்டுச் சாமானுக்கு மட்டும் என்எஃப்ஐபி (ஃபெடரல் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம்) பாலிசி வாடகைக்காரரும் எடுக்கலாம், 1 லட்சம் டாலர் வரை. சாதாரண ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குத் தராது. 2022 முதல் டெக்சாஸில் வீட்டுக்காரர் எழுத்தில் சொல்ல வேண்டும்: இடம் 100 வருஷ மண்டலத்தில் இருக்கிறதா, கடந்த 5 வருஷத்தில் உள்ளே தண்ணீர் வந்ததா. அக்ரிமென்டோடு அந்தத் தாள் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். காருக்கு காம்ப்ரிஹென்சிவ் இருந்தால்தான் வெள்ளத்துக்குக் கிடைக்கும், புயல் வளைகுடாவுக்குள் வந்த பிறகு புதிதாகக் கேட்டால் தர மாட்டார்கள்.

சொந்த வீட்டுக்கு உச்சவரம்பு கட்டிடத்துக்கு 2.5 லட்சம் டாலர், சாமானுக்கு 1 லட்சம். கட்டிடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு சாமானும் அதில் அடக்கம் என்று இருப்பவர்கள் உண்டு, இரண்டும் தனித்தனி, டிடக்டிபிளும் (நம் கையிலிருந்து போகும் பங்கு) தனித்தனி. சாமானுக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். வெளியே தங்கும் ஹோட்டல் செலவு அதில் வராது. எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் செல்லும், டிவியில் புயல் படம் பார்த்துவிட்டு போன் பண்ணினால் பயன் இல்லை. வீட்டுக்கடன் க்ளோசிங்கோடு (கையெழுத்தாகி வீடு கைமாறும் நாள்) சேர்த்து எடுத்தால் அந்த 30 நாள் காத்திருப்பு கிடையாது, உங்களுக்கு அது பொருந்தும்.

க்ளெயிம் பற்றி ஒன்று. எங்களுக்கு வந்த அட்ஜஸ்டர், சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் ஆள், ஆரம்பத்தில் போட்ட தொகை சிரிப்பாக இருந்தது, கையில் ஆதாரம் இருந்ததால்தான் ஏறியது. தண்ணீர்க் கோட்டின் மேல் அளவு டேப்பை ஒட்டி ஒவ்வொரு அறையிலும் படம், ஃப்ரிட்ஜ், வாஷர், ஏசி எல்லாவற்றின் பின்பக்க சீரியல் நம்பர் படம், பிய்த்துப் போடும் முன் கார்பெட்டிலும் தரையிலும் ஒரு கையளவு துண்டு வெட்டி ஜிப் கவரில். அவர் வரும் வரை எதையும் தொடாதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். படம் எடுத்துவிட்டு ஷீட்ராக்கை வெட்டுங்கள்.

விசா_வரிசை:

இதை நம் ஆட்கள் யாரும் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன். ஃபீமா தரும் பண உதவி அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள், அகதிகள் போன்ற சில பிரிவினருக்குத்தான். எச்1பி, எல்1, மாணவர் விசா ஆட்களுக்கு நேரடியாகக் கிடையாது. இருபது வருஷம் வரி கட்டியிருந்தாலும் கிடையாது. வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். ஷெல்டர், சாப்பாடு, தண்ணீர், மீட்பு இதெல்லாம் யாருக்கும் உண்டு, விசா கேட்க மாட்டார்கள். ஃபீமா பணம் கிடைத்தாலும் அது வீட்டைப் பழையபடி கட்டும் அளவுக்கு வராது. ஆக விசாவில் இருப்பவருக்கு எக்ஸ் ஸோனில் பாலிசி இல்லையென்றால் பின்னால் தாங்க எதுவுமே இல்லை. கிளம்பும்போது பாஸ்போர்ட், ஐ-797 என்ற விசா ஒப்புதல் தாள், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே தண்ணீர் புகாத கவரில் இருக்கட்டும், ஈரமான பாஸ்போர்ட்டை மாற்ற எத்தனை மாதம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மட்டுறுத்துநர்:

குறிப்பிட்ட ஏஜென்ட், இன்சூரன்ஸ் கம்பெனி பெயர் போட்டுத் திட்டிய இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். விஷயத்தைப் பேசுங்கள்.

புதுவீடு_தேடி:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பேர் க்ரீக் வீட்டுக்கு விற்பவரின் டிஸ்க்ளோஷர் படிவம் (வீட்டின் குறைகளை அவர் எழுதித் தரும் தாள்) கேட்டேன், "பொதுவாக க்ளோசிங் கிட்ட தருவோம்" என்கிறார் ஏஜென்ட். அப்படியா? அப்புறம் க்ளியர் லேக் என்றால் எப்போது கிளம்புவது என்று எப்படித் தெரியும்? அலர்ட் எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது, பகலில் அம்மா அப்பாவும் குழந்தையும் மட்டும்தான் வீட்டில்.

வடிகால்_பொறியாளர்:

டிஸ்க்ளோஷர் க்ளோசிங் கிட்ட தரும் தாள் இல்லை, ஒப்பந்தத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது. 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் அந்தப் படிவத்தில் வெள்ளம் பற்றிய கேள்விகள் கூடுதலாக வந்தன: முன்னால் தண்ணீர் புகுந்ததா, ரிசர்வாயரின் வெள்ளத் தேக்கத்துக்குள் வருகிறதா, வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் க்ளெயிம் போட்டார்களா, ஃபெடரல் உதவி வாங்கினார்களா. தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில். வீட்டைப் பார்க்கப் போகும்போது கராஜின் உள்சுவரையும் வாட்டர் ஹீட்டர் அலமாரியையும் பாருங்கள். வீட்டுக்குள் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள், அங்கே 4 அடி உயரத்தில் ஷீட்ராக் ஒட்டுக்கோடு அப்படியே இருக்கும். பழைய வெள்ளம் அங்கேதான் தெரியும்.

மேற்கே இருந்தால் ஹாரிஸ் கவுண்டியின் வெள்ள எச்சரிக்கைத் தளத்தை போனில் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்தப் பேயூவில் எந்த இடத்தில் தண்ணீர் கரைக்கு எத்தனை அடி கீழே என்று அளவுமானி சொல்லும். டிவியை விட அதுதான் உங்கள் தெருவுக்குச் சரி. சாலையில் ஓடும் தண்ணீர் 1 அடி இருந்தால் சின்னக் கார் மிதக்கும், 2 அடியில் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். அண்டர்பாஸில் ஆழம் தெரியாது, இரவில் சுத்தமாகத் தெரியாது. வீட்டுக்குள் ஏறினால் மாடிக்கு, மாடி இல்லாவிட்டால் கூரைக்கு மேல். கோடரி இல்லாமல் அட்டிக்குள் (கூரைக்கு அடியில் இருக்கும் பரண்) ஏறாதீர்கள், ஹார்வியில் அதிகாரிகள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி கிடையாது.

லீக்சிட்டி_மாமா:

கிளம்புவதற்கு நான் வைத்திருக்கும் விதி இதுதான், உங்களுக்கு ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. நம் கரைக்கு ஸ்டார்ம் சர்ஜ் வாட்ச் (புயல் அலை வரலாம் என்ற முதல் எச்சரிக்கை) என்று வந்தால், அது சுமார் 48 மணி நேர முன்னறிவிப்பு, அன்றைக்கே வண்டியில் சாமான் ஏறும், மறுநாள் விடியும் முன் வெளியே. வார்னிங் என்று மாறும்போது நாம் சாலையிலேயே இருக்கக் கூடாது. அப்புறம் ஆஸ்டின் வரை, டாலஸ் வரை போகத் தேவையில்லை. அலை எட்டாத இடம் போதும், வடமேற்கே மாடி வீடு இருக்கிற நண்பர் ஒருத்தர் போதும். முப்பது நாற்பது மைல். ரீட்டாவில் எல்லோரும் முந்நூறு மைல் போக நினைத்ததுதான் பாதிப் பிரச்சினை. அந்த நண்பரிடம் மே மாதமே சொல்லிவிடுங்கள், புயலன்று போன் பண்ணிச் சங்கடப்படுத்தாதீர்கள்.

அம்மா அப்பாவுக்கு அலர்ட் வாசிக்க வராது என்றால் போன் அந்தக் கூச்சல் சத்தம் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்: வெளியே போகக் கூடாது, உங்களைக் கூப்பிட வேண்டும், லைன் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை அம்மாவுக்கு முன்பே அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும், அதைத்தான் நிறையப் பேர் செய்வதில்லை. எங்கள் அம்மா அந்தச் சத்தத்துக்கு பயந்து போனையே அணைத்துவிடுவார், அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சும்மா_ஒரு_ஆள்:

சரி, மேற்கே இருந்தால் இருப்பது, கரையில் இருந்தால் கிளம்புவது, இதற்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். இன்சூரன்ஸ் விஷயத்தில் இன்னும் இல்லை. ரிஸ்க் ரேட்டிங் 2.0 என்ற புதுப் பிரீமியக் கணக்கு வந்த பிறகு சிலருக்கு பிரீமியம் எங்கேயோ போய்விட்டது, அதையும் சொல்லுங்கள்.

பேயூ_ஓரம்:

அது உண்மைதான். முன்பு எக்ஸ் ஸோனுக்கு ஒரு தட்டையான மலிவு விலை இருந்தது, இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக்கணக்கு, தண்ணீருக்கு எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று. சிலருக்குக் குறைந்தது, பலருக்கு ஏறியது. ஆனால் அந்த விலையே ஒரு தகவல் தம்பி. இரண்டு வீட்டுக்கும் கோட், அதாவது பிரீமியம் எவ்வளவு என்ற மதிப்பீடு, வாங்கிப் பாருங்கள், ஏஜென்ட் ஒரே எக்ஸ் என்று சொன்ன இரண்டு வீட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அதில் தெரிந்துவிடும். விற்பவரிடம் ஏற்கெனவே என்எஃப்ஐபி பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய பிரீமியத்திலிருந்து படிப்படியாக ஏறும் சலுகை அதில் இருந்தால் அதுவும் உங்களுக்கு வரும், புதிதாக எடுத்தால் முழு விலை. க்ளோசிங்குக்கு முன்பே கேட்க வேண்டும், அவர் கேன்சல் பண்ணிவிட்டால் போச்சு.

புதுவீடு_தேடி:

இரண்டுக்கும் இன்றே கோட் கேட்கிறேன். பேர் க்ரீக் வீட்டு கராஜையும் போய்ப் பார்க்கப்போகிறேன், ஏஜென்ட் இல்லாத நேரமாகப் பார்த்து.

பேயூ_ஓரம்:

சாவி அவரிடம்தான் இருக்கும். அவர் இருக்கும்போதே பாருங்கள், வாட்டர் ஹீட்டர் அலமாரியைத் திறக்கும்போது அவர் முகத்தையும் பாருங்கள்.